முதலில் நடுவர்களை எண்ணுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பள்ளி மாணவர்களுக்கான பன்னாட்டு விவாதப் போட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்த கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அத்தகைய போட்டியை நடத்துவது எப்படி என்று கேட்டிருந்தன. வெல்வது எப்படி என்று கேட்பவர்களே அதிகம் இருப்பார்கள் என எண்ணியிருந்த எனக்கு இது இன்ப அதிர்ச்சி. பதில்களில் திரும்பத் திரும்ப வரும் விதிகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவை 1988-இல் ஆஸ்திரேலியாவில் ஆறு நாடுகளுடன் தொடங்கி, இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அணி அனுப்பும் உலகப் பள்ளிகள் விவாத சாம்பியன்ஷிப்பின் விதிகள். ஓர் அணியில் ஐவர் வரை இருக்கலாம். ஒரு விவாதத்தில் மூவர் பேசுவர். ஒட்டிப் பேசும் அணியும் வெட்டிப் பேசும் அணியும் மாறி மாறி, ஆளுக்கு 8 நிமிடம் பேசிய பின், ஒவ்வோர் அணியிலும் முதல் பேச்சாளரோ இரண்டாம் பேச்சாளரோ 4 நிமிடத் தொகுப்புரை வழங்குவார். தொகுப்புரையில் வெட்டிப் பேசும் அணி முந்திக்கொள்ளும். கடைசிச் சொல் ஒட்டிப் பேசும் அணிக்கு உரியது.

கேள்வி: வரும் கல்வியாண்டில் 24 அணிகள் கலந்துகொள்ளும் பன்னாட்டு விவாதப் போட்டியை எங்கள் வளாகத்தில் நடத்த விரும்புகிறோம். அரங்கம், விடுதி, சமையற்கூடம் மூன்றும் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?
— பள்ளி முதல்வர் ஒருவர், கோயம்புத்தூர்

தாங்கள் இருப்பதாகச் சொல்லும் மூன்றும் பணம் இருந்தால் கிடைத்துவிடுபவை. கிடைக்க அரிதானது நடுவர். ஆகவே ஒரு தாளை எடுத்து, முதலில் நடுவர் கணக்கைப் போடுங்கள். 24 அணிகள் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 12 அறைகள். அறைக்கு மூன்று நடுவர் என்றால் 36 பேர். அணிக்கு ஒரு நடுவரை உடன் அழைத்து வர வேண்டும் என்று விதி வைப்பது வழக்கம்; அப்படி வைத்தாலும் 24 பேர்தான் வருவர். இரண்டு அணிகள் சேர்ந்து ஓர் அறையை நிரப்பும்போது இரண்டு நடுவரே கிடைக்கின்றனர், ஆனால் அந்த அறைக்கு மூவர் தேவை. ஆகவே எத்தனை அணிகளை அழைத்தாலும் அறைக்கு ஒருவர் வீதம் பற்றாக்குறை இருந்துகொண்டேதான் இருக்கும். அந்த 12 பேரையும், காய்ச்சல் வந்து படுப்பவருக்கும் விமானத்தைத் தவறவிடுபவருக்கும் ஈடாக இன்னும் நான்கைந்து பேரையும், எந்த அணியோடும் தொடர்பில்லாதவர்களாகத் தேடிப் பிடிப்பதுதான் போட்டி அமைப்பாளரின் முதல் வேலை.

அவர்கள் கல்லூரி விவாத மன்றங்களில் கிடைப்பார்கள். சட்டக் கல்லூரிகளிலும் பெரிய பொறியியல் கல்லூரிகளிலும் ஆங்கில விவாதத்தில் நல்ல பழக்கமுள்ள மாணவர்கள் இருக்கின்றனர். ஆனால் ஓர் எச்சரிக்கை: அவர்களிற் பெரும்பாலோர் பழகியிருப்பது, ஒரே அறையில் நான்கு அணிகள் இருவர் இருவராக வாதிடும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறை. அந்த முறையில் நடுவர்கள் கலந்து பேசி ஒருமித்த முடிவுக்கு வருவார்கள். பள்ளிகள் முறையிலோ, ஒவ்வொரு நடுவரும் யாரிடமும் வாய் திறக்காமல் தம் மதிப்பெண் தாளை நிரப்பி ஒப்படைத்த பிறகே மற்ற இருவரிடமும் பேச வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை விளக்காமல் விட்டால், மூவரில் மூத்தவர் எதைச் சொல்கிறாரோ அதுவே மூன்று தாள்களிலும் ஏறிவிடும். போட்டிக்கு முந்தைய நாளில் அரை நாளை நடுவர் பயிற்சிக்கென ஒதுக்குங்கள். முன்மாதிரியாக நடத்தும் ஒரே விவாதத்தை எல்லோரையும் பார்க்க வைத்து, தனித்தனியே மதிப்பெண் இடச் சொல்லி, தாள்களைச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். ஒருவர் 66 போட்ட இடத்தில் இன்னொருவர் 76 போட்டிருப்பார். அந்த இடைவெளியை அன்றே பேசிக் குறைக்க வேண்டும். யாரை அறைத் தலைவராக்கலாம், யாரை அவரோடு அமரும் பக்க நடுவராக வைக்கலாம் என்பதும் அந்த அரை நாளிலேயே தெரிந்துவிடும்.

தம் நாட்டு அணிக்கோ, தம் பள்ளிக்கோ, தாம் முன்பு பயிற்சி அளித்த மாணவருக்கோ ஒருவர் நடுவராக அமரக் கூடாது. இதைப் பதிவுப் படிவத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். முதல் நாள் காலையில், அறை ஒதுக்கீட்டுப் பட்டியலைத் திரையில் காட்டிய பிறகு, ‘அந்தப் பெண்ணுக்கு நான் இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்திருக்கிறேன்’ என்று ஒருவர் எழுந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

கால அட்டவணையைப் பற்றியும் ஒரு சொல். ஆறு உரைகளும் இரண்டு தொகுப்புரைகளும் சேர்ந்து 56 நிமிடம். தாள் நிரப்பவும், முடிவை அறிவித்துக் காரணம் சொல்லவும், மாணவர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கேட்பதற்கும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். உடனடித் தலைப்பு, அதாவது சுற்றுக்குச் சற்று முன்புதான் வெளியிடும் தலைப்பு என்றால், அணிகள் தயாராக அதற்கு முன் இன்னும் ஒரு மணி நேரம். நாளுக்கு மூன்று சுற்றுகளுக்கு மேல் வைக்காதீர்கள். நான்காவது சுற்றில் பேசுபவர் கண்ணில் தெரியும் களைப்பு நடுவர் தாளிலும் இருக்கும், அதை அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

கேள்வி: என் மகளின் அணி மூன்று நடுவர்களிடமும் சேர்த்து எதிரணியைவிட 12 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றும் தோற்றதாக அறிவித்துவிட்டார்கள். இது அநீதி இல்லையா?
— தாய் ஒருவர், சென்னை

தங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அறிவித்தது சரியே. தாங்கள் அனுப்பியுள்ள எண்களையே எடுத்துக்கொள்வோம். முதல் நடுவர் எதிரணிக்கு 250, தங்கள் மகளின் அணிக்கு 249 கொடுத்திருக்கிறார். இரண்டாம் நடுவர் 246-க்கு 245. மூன்றாமவர் மட்டும் 238-க்கு 252 என்று மகளின் அணியைத் தூக்கி வைத்திருக்கிறார். கூட்டினால் 734-க்கு 746. ஆனால் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது மூவரில் இருவர் யார் பக்கம் என்பதே. கூட்டுத்தொகைக்கு அங்கே வேலை இல்லை. கூட்டுத்தொகையை வைத்து முடிவு செய்தால், தாராளமாகவோ கறாராகவோ மதிப்பெண் போடும் ஒரே நடுவர் மற்ற இருவரின் தீர்ப்பையும் விழுங்கிவிடுவார்.

இருந்தாலும் அந்த 12 மதிப்பெண் வீணாகவில்லை. தரவரிசையில் முதலில் பார்ப்பது வெற்றிகளின் எண்ணிக்கை. அதில் சமமானால், அத்தனை விவாதங்களிலும் மொத்தம் எத்தனை நடுவர்களின் தீர்ப்பைப் பெற்றார்கள் என்பது. அதிலும் சமமானால் சராசரி மதிப்பெண். ஆறு சுற்றுகள் முடிந்து 24 அணிகளில் 8 அணிகள் காலிறுதிக்குப் போவதாக இருந்தால், கோடு பெரும்பாலும் 4 வெற்றி பெற்ற அணிகளின் நடுவேதான் விழும். அங்கேதான் ஒற்றை நடுவரின் தீர்ப்பும் அரை மதிப்பெண்ணும் ஓர் அணியை உள்ளே தள்ளும், இன்னொன்றை வெளியே நிறுத்தும்.

எண்களின் அளவுகோலையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் உரைக்கு நூற்றுக்கு என்று சொன்னாலும், நடுவர் இடுவது 60-இலிருந்து 80 வரை மட்டுமே; சராசரி 70. தொகுப்புரைக்கு அதில் பாதி, 30-இலிருந்து 40 வரை. ஆகவே ஓர் அணி பெறக்கூடியது 210-க்கும் 280-க்கும் இடைப்பட்டது; நடுத்தரமான அணிக்கு 245. தங்கள் மகள் ஓர் உரைக்கு 73 வாங்கியிருந்தால், பள்ளித் தேர்வின் 73-ஐப் போல அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அது நல்ல மதிப்பெண்.

கேள்வி: எங்கள் மாணவர்கள் தமிழ் வழியில் படித்து ஆங்கிலம் கற்றவர்கள். உச்சரிப்பைக் கேட்டே வெளிநாட்டு நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்களோ?
— ஆங்கில ஆசிரியை, திருச்சி

குறைக்கக் கூடாது என்பது விதி. நூறு மதிப்பெண்ணில் கருத்துக்கு 40, பேசும் பாங்குக்கு 40, உத்திக்கு 20. பாங்கு என்பதில் குரலும், வேகமும், கேட்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுவதும் அடங்கும். உச்சரிப்பு எந்த ஊருடையது என்பது அடங்காது. சொன்னது புரிந்ததா என்பதே கேள்வி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நாடுகளின் அணிகளுக்கெனத் தனிப் பரிசுகளும் உலகப் போட்டியில் உண்டு. அது ஆறுதல் பரிசு போலத் தோன்றலாம். ஆனால் முதன்முறையாக அணி அனுப்பும் நாட்டுக்கு அடுத்த ஆண்டும் வர அது ஒரு காரணமாகிறது. 2019-இல் பாங்காக்கில் நடந்த உலகப் போட்டியில் கோப்பையை வென்றது இந்திய அணிதான் என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள்.

உண்மையில் நம் மாணவர்களைப் பின்னுக்கு இழுப்பது வேறொன்று. பேச்சுப் போட்டிப் பழக்கத்தால் மனப்பாடம் செய்து வந்து, எதிரணி சொன்னதைக் காதில் வாங்காமல் கொட்டிவிட்டு அமர்ந்துவிடுகிறார்கள். உரையின் முதல் நிமிடத்துக்கும் ஏழாவது நிமிடத்துக்கும் இடையில் எதிரணியினர் எழுந்து நின்று 15 நொடிக்குள் குறுக்குக் கேள்வி கேட்கலாம். பேசுபவர் ஒன்றிரண்டையாவது ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். மனப்பாடம் செய்த பையன், அந்தக் கேள்விக்குப் பின் தான் எந்த வரியில் நின்றோம் என்று தேடுவான். பார்க்கவே பாவமாக இருக்கும். உச்சரிப்பை விட்டுவிட்டு இதற்குப் பயிற்சி கொடுங்கள்.

கேள்வி: மதிப்பெண்களைக் கூட்ட எக்செல் போதாதா? தனி மென்பொருள் எதற்கு?
— கணினி ஆசிரியர், மதுரை

எட்டு அணிகளுக்குப் போதும். அதற்கு மேல் போகும்போது டேபிகேட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். விவாதப் போட்டிகளுக்கென்றே விவாதிகள் எழுதிய திறந்த மூல மென்பொருள் அது. பள்ளிகள் முறைக்குரிய விதிகள் அதில் ஏற்கனவே இருக்கின்றன. சம வெற்றி பெற்ற அணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவது, ஒரே அணி தொடர்ந்து ஒட்டியே பேசாமல் பார்த்துக்கொள்வது, ஓர் அணியோடு தொடர்புள்ள நடுவரை அந்த அணியின் அறைக்குப் போகாமல் தடுப்பது ஆகியவற்றை அது செய்யும். அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிட்டால், உள்ளூர் மாணவர்களைக் கொண்டு ஒரு நிரப்பு அணியையும் அதில் சேர்க்கலாம்; அந்த அணி வென்றாலும் காலிறுதிக்குப் போகாது.

ஆனால் மென்பொருளுக்கு முன்னால் ஒரு தாள் இருக்கிறது. பிழை அங்கேதான் பிறக்கிறது. ஒரு மண்டல அளவிலான போட்டியில் நான் மதிப்பெண் அறையில் அமர்ந்திருந்தேன். ஐந்தாம் சுற்றில் ஒரு நடுவரின் தாளில் ஒட்டிப் பேசிய அணிக்கு 71, 69, 72, தொகுப்புரைக்கு 35.5 என்று இருந்தது. அது 247.5. அவர் அவசரத்தில் கூட்டி 237.5 என்று எழுதியிருந்தார். வெட்டிப் பேசிய அணிக்கு 244. தம் கூட்டலை நம்பி, வெட்டிப் பேசிய அணியே வென்றதாகக் குறியிட்டு, அறையிலும் இரண்டுக்கு ஒன்று என்று அறிவித்துவிட்டார்கள். மதிப்பெண் அறையில் நாங்கள் வெற்றிக் குறியை மட்டும் முதலில் ஏற்றிவிட்டு, தனித்தனி மதிப்பெண்களை இரவில் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டோம். மறுநாள் காலிறுதி பாதி நடந்துகொண்டிருக்கும்போது பிழை தெரிந்தது. அந்த நடுவரை அழைத்துக் கேட்டால், ‘எனக்கும் ஒட்டிப் பேசியவர்கள்தான் வென்றதாகப் பட்டது, ஆனால் எண் வேறு மாதிரி வந்ததே என்று எண்ணுக்குக் கட்டுப்பட்டேன்’ என்றார். அந்த ஒரு வெற்றி கிடைத்திருந்தால் அவர்கள் காலிறுதியில் இருந்திருப்பார்கள். பார்வையாளர் வரிசையில் அமர்ந்து யாருடைய விவாதத்தையோ குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அந்த மூன்று மாணவிகளையும் வெளியே அழைத்து விஷயத்தைச் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வந்தது. அவர்களில் ஒருத்தி கேட்ட ஒரே கேள்வி, ‘அப்படியானால் எங்கள் சான்றிதழில் எத்தனை வெற்றி என்று போடுவீர்கள்?’ என்பது. சரியான எண்ணைப் போட்டுக் கொடுத்தோம். காலிறுதியைத் திரும்பக் கொடுக்க முடியவில்லை.

அதன் பிறகு நான் மூன்று பழக்கங்களை விடுவதில்லை. நடுவர் முதலில் வெற்றியாளரை மனத்தில் தீர்மானித்துவிட்டு, அதற்கு ஏற்ப எண்களைச் சரிபார்க்க வேண்டும். எண் மாறி வந்தால் கூட்டலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தாள் மதிப்பெண் அறைக்கு வந்து, கூட்டல் சரி என்று அங்கிருந்து சொல் வரும்வரை அறையில் முடிவை அறிவிக்கக் கூடாது. ஓடிப்போய்த் தாளைக் கொண்டுவர மாணவத் தொண்டர்களை அறைக்கு ஒருவராக நிறுத்துங்கள். ஒவ்வொரு தாளையும் இருவர் தனித்தனியே ஏற்ற வேண்டும்; இரண்டும் ஒத்துப்போனால்தான் மென்பொருள் ஏற்கும்படி டேபிகேட்டில் அமைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தலைப்புகளை யார், எப்படித் தேர்ந்தெடுப்பது? எங்கள் பாடசாலைகளில் நல்ல பிரேரணை என்று நாங்கள் நினைப்பது வெளிநாட்டு அணிகளுக்குப் புரியாமல் போகிறது.
— விவாத அணிப் பொறுப்பாசிரியர், யாழ்ப்பாணம்

தலைமை நடுவர் குழு தேர்ந்தெடுக்க வேண்டும். நடத்தும் பள்ளியின் ஆசிரியர் எவரும் அந்தப் பட்டியலைப் பார்க்கக் கூடாது, தட்டச்சு செய்து தருகிறேன் என்று அன்போடு முன்வந்தாலும். பாதிச் சுற்றுகளுக்கான தலைப்புகளைச் சில வாரங்கள் முன்னதாகவே அறிவித்துவிடுவது வழக்கம். மீதியை அந்தந்தச் சுற்றுக்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் வெளியிடுவார்கள்.

தலைப்பை முடிவு செய்யுமுன் எளிய சோதனை ஒன்று உண்டு. குழுவில் இருவர் பத்து நிமிடத்துக்குள் ஒட்டியும் வெட்டியும் மூன்று மூன்று வாதங்களை எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் மூன்றாவது வாதம் வர மறுத்தால் அந்தத் தலைப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். பிறகு, பெருவிலிருந்து வரும் மாணவனும் வங்கதேசத்திலிருந்து வரும் மாணவியும் அதைப் பேச முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவின் இட ஒதுக்கீட்டைப் பற்றிய தலைப்பு நம் ஊரில் அனல் பறக்கும். மற்றவர்களுக்கு அது என்னவென்று அறியவே ஒரு மணி நேரம் போய்விடும். அதையே, கல்லூரி சேர்க்கையில் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் கொள்ளலாமா என்று பொதுமைப்படுத்தினால் எல்லோரும் பேசுவர். தவிர்க்க முடியாத இடத்தில், தலைப்போடு மூன்று நான்கு வரி விளக்கக் குறிப்பையும் எல்லா அணிகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடலாம்.

சொல்லாட்சியையும் கவனியுங்கள். ‘இந்த அவை தடை செய்யும்’ என்றால் ஒட்டிப் பேசுபவர் அந்தத் தடையை எப்படிச் செயல்படுத்துவது என்று ஒரு திட்டத்தோடு வர வேண்டும். ‘இந்த அவை வருந்துகிறது’ என்றால் திட்டம் தேவையில்லை. அந்த ஒன்று நிகழாமல் இருந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று இரு தரப்பும் வாதிட வேண்டும். வினைச்சொல் ஒன்று மாறினால் விவாதமே வேறாகிவிடுகிறது. சுற்று முடிந்ததும் 12 அறைகளில் எத்தனை அறைகளில் ஒட்டியவர் வென்றனர் என்று பாருங்கள். பத்து அறைகளில் ஒரே பக்கம் வென்றிருந்தால் பிழை மாணவர்களுடையதன்று.

பட்டிமன்றத்தில் வளர்ந்த நமக்கு இது சற்று உறைப்பாகத்தான் இருக்கும். அங்கே இரண்டில் எது சிறந்தது என்பது தலைப்பு. நடுவரின் நகைச்சுவைக்கும் தீர்ப்புக்கும்தான் கூட்டம் காத்திருக்கும். இங்கே நடுவருக்குத் தலைப்பைப் பற்றிக் கருத்தே கிடையாது. ‘இதை விட்டுவிட்டீர்களே, நானாக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்’ என்று முடிவு அறிவிக்கும்போது ஒரு நடுவர் சொன்னால், அவர் சொல்லப்படாத வாதத்துக்கும் மதிப்பெண் இட்டிருக்கிறார் என்று பொருள்.

கேள்வி: உடனடித் தலைப்புக்கான ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் கைப்பேசியைப் பார்க்காமல் எப்படித் தடுப்பது?
— உடற்கல்வி ஆசிரியர், சேலம்

தயாரிப்பு அறைக்குள் அணியினர் மட்டுமே போக வேண்டும். பயிற்சியாளருக்கும் பெற்றோருக்கும் அனுமதி இல்லை. வெற்றுத் தாள், பேனா, அச்சிட்ட அகராதி, ஒரே தொகுதியாக உள்ள ஆண்டுநூல் ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். மின்கருவி எதுவும் கூடாது. நேரம் பார்க்கவே கைப்பேசி வேண்டும் என்பார்கள், எனவே அறைதோறும் ஒரு சுவர்க் கடிகாரம் வையுங்கள். கைப்பேசிகளைப் பெயர் எழுதிய உறையில் போட்டு வாயிலில் வாங்கிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. கைக்கடிகாரம் போலத் தோன்றும் கருவிகளையும் மறக்க வேண்டாம். கழிப்பறைக்குப் போகும் மாணவரோடு ஒரு தொண்டர் வாயில்வரை போய் வருவது அவமதிப்பாகாது, எல்லா அணிக்கும் அதையே செய்தால்.

கேள்வி: செலவைக் குறைக்க இணையவழியில் நடத்தலாமா?
— பெற்றோர் ஆசிரியர் கழகச் செயலாளர், தூத்துக்குடி

நடத்தலாம். உலகப் போட்டியே 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டுகள் இணையவழியில்தான் நடந்தது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அழைப்பு அனுப்புங்கள். ஜூலை மாதத்தில் தூத்துக்குடியில் இரவு 9 மணி என்றால் வான்கூவரில் காலை 8.30, ஆக்லாந்திலோ மறுநாள் அதிகாலை 3.30. எல்லோருக்கும் வசதியான ஒரு மணி நேரம் பூமியில் இல்லை. அருகருகே உள்ள நேர மண்டலங்களைச் சேர்ந்த நாடுகளோடு தொடங்குவது நல்லது: இலங்கை, வங்கதேசம், நேபாளம், மலேசியா, சிங்கப்பூர். இணைப்பு அறுந்தால் எத்தனை நிமிடம் காத்திருப்பது, பாதியில் நின்ற உரையை எங்கிருந்து தொடர்வது என்பவற்றை முன்னதாகவே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். அந்தக் குழப்பத்தின் நடுவே விதி வகுப்பது முடியாத காரியம்.

கேள்வி: வெளிநாட்டுச் சிறுவர்களைத் தங்கவைப்பதில் நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன?
— விடுதிக் காப்பாளர், ஊட்டி

நுழைவிசைவுக்கான அழைப்புக் கடிதத்தைப் பதிவு முடிந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். தாமதமான கடிதத்தால் வராமல் போகும் அணிகள்தான் அதிகம். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர், அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியாக விவரம் தெரிவிக்க வேண்டும். ‘சி படிவம்’ என்று பழையவர்கள் சொல்வது இதைத்தான். இந்தக் கடமை ஓட்டல்களுக்கு மட்டும் உரியது என்று பள்ளிகள் எண்ணிவிடுகின்றன. பள்ளி விடுதிக்கும் உண்டு. மாணவர்கள் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் என்பதால் பெற்றோர் ஒப்புதல், மருத்துவக் குறிப்பு, உடன் வரும் பொறுப்பாளரின் பெயர் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். நடுவராக வரும் கல்லூரி மாணவர்களை அதே தளத்தில் தங்கவைக்காதீர்கள். புகார் சொல்ல, போட்டி நடத்துபவர்களிடமிருந்து விலகி நிற்கும் ஒருவரைப் பெயர் அறிவித்து நியமியுங்கள். அவர் பெண்ணாக இருந்தால் நல்லது, இருவராக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: தொடக்க விழாவுக்கு அமைச்சர் ஒருவரை அழைத்தால் போட்டிக்குப் பெருமை அல்லவா?
— தாளாளர், கரூர்

அவர் 40 நிமிடம் தாமதமாக வந்தால் முதல் சுற்று மதிய உணவுக்குப் பிறகு போய்விடும். நிறைவு விழாவுக்கு அழையுங்கள்.

கேள்வி: இதே முறையில் பல நாட்டுப் பள்ளிகளுக்குத் தமிழில் ஒரு விவாதப் போட்டி நடத்த முடியுமா?
— கல்லூரி மாணவி, சிங்கப்பூர்

தங்கள் ஊரிலேயே சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை, மாணவர்களுக்குச் ‘சொற்களம்’ என்ற தமிழ் விவாதப் போட்டியை நடத்திவருகிறது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலும் தமிழ் விவாதத்துக்கு நெடுநாள் மரபு உண்டு. ஆட்களுக்குக் குறைவில்லை. நாடு விட்டு நாடு வரும்போது தடுக்கும் கல் சொற்களில் இருக்கிறது. தமிழ்நாட்டு மாணவன் ‘உயர் நீதிமன்றம்’ என்றால் மாநிலத்தின் தலைமை நீதிமன்றத்தைச் சொல்கிறான். அதற்கு மேல் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இலங்கை மாணவிக்கு உயர் நீதிமன்றமே நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம். அதற்குக் கீழே உள்ளது மேல் நீதிமன்றம். இருவரும் எட்டு நிமிடம் வேறு வேறு நீதிமன்றங்களைப் பற்றி வாதிட்டுவிட்டு, எதிராளி உளறுகிறார் என்று எண்ணிக்கொண்டு அமர்வார்கள். ஆகவே விளக்கக் குறிப்போடு ஒரு சிறு சொற்பட்டியலும் தேவை. நடுவர் மூவரும் ஒரே நாட்டினராக இருக்கவும் கூடாது.

செந்தமிழா பேச்சுத் தமிழா என்பதைப் போட்டியாளரிடமே விட்டுவிடுங்கள், ஆனால் மேற்கோளுக்கு மதிப்பெண் இல்லை என்பதை அறிவித்துவிடுங்கள். குறளைச் சொல்லி அதற்குப் பொருள் சொல்வதிலேயே ஒரு நிமிடம் போய்விடுகிறது, அது வாதமாகாது. குறுக்குக் கேள்விக்கு எழுந்து நிற்பதும் நம் பிள்ளைகளுக்குப் பழக வேண்டிய ஒன்று. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்த்துவிட்டோம். முதல் இரண்டு சுற்றுகளுக்கு முன் அரை மணி நேரம் அதை மட்டுமே பயிற்றுவியுங்கள்.

கேள்வி: காலிறுதிக்குத் தகுதி பெறாத அணிகள் மீதி இரண்டு நாளும் என்ன செய்யும்?
— மாணவர் ஒருவர், பாளையங்கோட்டை

எங்கும் ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போவார்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் அவர்கள் முதலில் கேட்பது தங்கள் மதிப்பெண் தாள்களை. தகுதிப் பட்டியலை அறிவித்த அன்று இரவே, ஒவ்வோர் அணிக்கும் அத்தனை சுற்றுகளின் தாள்களையும் ஓர் உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலையில், அவர்களுக்கு நடுவராக இருந்தவர்களை இரண்டு மணி நேரம் ஓர் அறையில் மேசை போட்டு அமர்த்துங்கள். மாணவர்கள் தாளோடு வந்து கேட்கட்டும். சான்றிதழைப் பிறகு அஞ்சலில்கூட அனுப்பிக்கொள்ளலாம்.